பன்னிரண்டும் பாகப்பிரிவினையும்

1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், ரூபாய்க்கு நூறு நயா பைசா என்னும் புதுக் கணக்கு நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய ஆண்டில்தான் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி தோன்றியிருந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் அக்காலத்தே பயின்றவர்கள், பழைய நாணயத்தில் எண்ணப் பழகிப் புதிய நாணயத்தில் கணக்கெழுதிய தலைமுறையினர் ஆவர்.

பழைய கணக்கில் ரூபாய்க்குப் பதினாறு அணா. அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி. ஆக, ஒரு ரூபாய் 192 தம்பிடி. இந்தப் பன்னிரண்டு எதற்காக? கட்டைவிரல் நீங்கலாக நான்கு விரல்களிலும் மும்மூன்று கணுக்கள் உள்ளன. தஸ்பீஹ் எண்ணுகையில் நாம் தொட்டு வரும் அக்கணுக்கள் பன்னிரண்டே. அதனினும் மேலாக, பன்னிரண்டை இரண்டாலும் மூன்றாலும் நான்காலும் ஆறாலும் மீதமின்றி வகுக்கலாம். பத்தையோ இரண்டாலும் ஐந்தாலும் மட்டுமே வகுக்கலாம்.

பன்னிரண்டை அடியாகக் கொண்டும் எண்களை எழுதலாம். அம்முறையில் பத்துக்கும் பதினொன்றுக்கும் தனிக்குறிகள் வேண்டும். இரண்டாம் தானம் பன்னிரண்டுகளையும் மூன்றாம் தானம் நூற்று நாற்பத்து நான்குகளையும் குறிக்கும். அவ்வாறு எழுதினால் 192 என்பது 140 ஆகும். கடைசி இலக்கம் சுழியாயின் அவ்வெண் மூன்றாலும் நான்காலும் வகுபடும். நூறு அம்முறையில் 84 ஆகும். நான்கில் முடிவதால் அது நான்கால் வகுபடும், மூன்றால் வகுபடாது.

இது வெறும் எண் விளையாட்டன்று. ஃபராயிள் கலை பயின்றோர் இதன் அருமையை அறிவர். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மீ, தம் அல்ஜப்ர் நூலின் பெரும்பகுதியை வஸிய்யத், வாரிசுரிமைக் கணக்குகளுக்கே ஒதுக்கினார். கால்பங்கும் மூன்றிலொரு பங்கும் ஒரே சொத்தில் சேர்ந்தால், அச்சொத்தைப் பன்னிரண்டாகப் பகுக்க வேண்டுமென்பது அக்கலையின் விதி.

பிள்ளையில்லாத ஒருவர், மனைவியையும் தாயையும் உடன்பிறந்த ஒரே சகோதரரையும் விட்டு இறந்தார் எனக் கொள்வோம். தந்தையும் முன்பே மறைந்தவர். கடனும் வஸிய்யத்தும் நீங்கிய சொத்தில் மனைவிக்கு மூன்று பங்கு, தாய்க்கு நான்கு, எஞ்சிய ஐந்து சகோதரருக்கு. பழைய ரூபாயில் இவை நான்கு அணா, ஐந்தணா நான்கு தம்பிடி, ஆறணா எட்டுத் தம்பிடி. ஒரு தம்பிடியும் மிஞ்சாது, குறையாது.

இன்று தம்பிடி இல்லை, நிலம் இருக்கிறது. முல்லைப் பெரியாற்று நீர் 1895 முதல் பாயும் இப்பள்ளத்தாக்கில் ஒரு சென்ட் வயலும் அற்பமன்று. ஏக்கருக்கு நூறு சென்ட். மேற்சொன்ன மூவருக்கும் ஓர் ஏக்கரைப் பிரிக்குங்கால், 25, 33, 42 என்று முழு எண்ணாக எழுதிவிடுவது எளிது. கூட்டினால் நூறு சரியாக வரும். குறை எவர் கண்ணிலும் படாது. ஆனால் தாய்க்குரிய மூன்றிலொரு சென்ட், 145 சதுர அடிக்குச் சற்று மேற்பட்ட நிலம், ஓசையின்றிச் சகோதரர் பக்கம் போய்விடுகிறது.

அதே ஏக்கரைச் சதுர அடியாகக் கொண்டால் 43,560. அது பன்னிரண்டால் மீதமின்றி வகுபட்டுப் பங்குக்கு 3,630 தரும். மனைவிக்கு 10,890, தாய்க்கு 14,520, சகோதரருக்கு 18,150. வழி இருக்கிறது, கையாளத்தான் மனம் வேண்டும்.

நாணயம் மாறலாம், அளவை மாறலாம். இறைவன் வகுத்த பங்கு மாறாது. பத்திரம் எழுதுமுன் ஒருமுறை பன்னிரண்டால் வகுத்துப் பார்ப்போமாக! ஒரு தாயின் உரிமை அந்தச் சிறு பின்னத்துள் அடங்கியிருக்கக் கூடும்.