கொட்டியாரக் குடாவின் முஸ்லிம் ஊர்கள்: பண்பாடும் கட்டடமும்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, மகாவலி கங்கை கடலில் விழும் கொட்டியாரக் குடாவின் கரையோரமாகக் கிண்ணியா, மூதூர், தோப்பூர் முதலிய முஸ்லிம் ஊர்கள் அமைந்துள்ளன. வடக்கே நகரையொட்டி ஜமாலியாவும், கடற்கரை வழியே இறக்கக்கண்டியும், இல்மனைட் மணலுக்குப் பேர்போன புல்மோட்டையும் இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கவை. இலங்கை முஸ்லிம் பெரும்பான்மை நாடு அன்று. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் நாட்டு மக்களில் முஸ்லிம்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் சற்றுக் குறைவு. ஆனால் அதே மதிப்பீட்டில் திருகோணமலை மாவட்டத்தில் அவர்களே மிகப் பெரிய பிரிவினர், நூற்றுக்குச் சுமார் நாற்பது பேர்; கிண்ணியாவில் ஏறத்தாழ எல்லாருமே முஸ்லிம்கள். இஸ்லாமியப் பண்பாட்டையும் கட்டடக்கலையையும் காண இஸ்தான்புல்லுக்கும் கெய்ரோவுக்கும் பயணச்சீட்டு எடுக்கும் தமிழருக்கு, வீட்டிலும் கடையிலும் தமிழே பேசும் இவ்வூர்கள் நினைவுக்கு வருவதில்லை. வருகிற பயணிகள் கோணேசர் கோயில், பிரெட்ரிக் கோட்டை, நிலாவெளிக் கடற்கரை என்று சுற்றிவிட்டுத் திரும்புகிறார்கள். மூதூரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், பழைய கட்டடம் எதுவும் இல்லையே என்பதுதான் வழக்கமான பதில். அந்தப் பதில் பாதி உண்மை. பழைய கட்டடம் இல்லாமற் போனதற்கு வரலாறு உண்டு. பழமை வேறிடத்தில் தங்கியிருக்கிறது என்பது மற்றப் பாதி.

தென்னிந்தியாவின் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கல்தூண் வரிசைகளோடு பள்ளிவாசல்கள் எழுந்தன. கப்பல் வணிகம் செய்த மரைக்காயர்களிடம் பணமும் உள்ளூர் மன்னர்களின் ஆதரவும் இருந்தன. திருகோணமலையிலும் அரபு எழுத்துப் பொறித்த கல்லறைக் கற்கள் கிடைத்துள்ளன. ஆகவே முஸ்லிம் கடலோடிகளின் வரவு இங்கேயும் இடைக்காலத்திலேயே தொடங்கிவிட்டது. வேறுபாடு துறைமுகத்தைப் பிடித்தவர்களால் வந்தது. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, 1624இல் அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். 1626இல் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள்; கண்டி அரசன் செனரத் அவர்களில் பலரைக் கிழக்குக் கரையில் குடியேற்றினான். அடுத்து வந்த ஒல்லாந்தரும் முஸ்லிம் வணிகர்களைப் போட்டியாளர்களாகவே நடத்தினார்கள். ஆங்கிலேயருக்கு இந்தத் துறைமுகம் கடற்படைத் தளம். 1957 வரை அது அவர்கள் கையில் இருந்தது. கோட்டையும் கடற்படையும் பிடித்துக்கொண்ட துறைமுகத்தில் ஒரு வணிகச் சமூகம் தன் பெயர் சொல்லும் பெரும்பள்ளியை எழுப்புவதற்கு இடமேது? மீனும் நெல்லும் மாடும் விறகும் கொடுத்த தென்கரைதான் அவர்களுக்குக் கிடைத்தது. மூதூரில் அயலார் அறிந்த பழைய நினைவுச் சின்னம்கூட ஓர் ஆங்கிலேயனுக்கு உரியது என்பது வேடிக்கைதான்: 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் ரொபர்ட் நொக்ஸ் பிடிபட்ட புளியமரத்தடியில் நட்ட கல் அது.

எஞ்சியதையும் அண்மைக் காலம் விட்டுவைக்கவில்லை. 2004 டிசம்பர் சுனாமி கிண்ணியா வைத்தியசாலையை நாசமாக்கியது. 2006 ஆகஸ்டில் மூதூரில் போர் மூண்டபோது ஆயிரக்கணக்கான முஸ்லிம்கள் ஊரையே விட்டுக் கந்தளாய்க்கு ஓடினார்கள். இன்று காணும் பள்ளிவாசல்களில் பெரும்பாலானவை புதிதாகக் கட்டியவை அல்லது திருத்தி விரித்தவை. எனவே சுவரின் வயதைத் தேடுகிறவருக்கு ஏமாற்றம்தான். சுவர் நிற்கும் விதத்தைப் பார்க்கிறவருக்கு அப்படியல்ல. திருகோணமலையிலிருந்து மக்காவின் திசை நேர்மேற்கு அன்று. மேற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 23 பாகை விலகியது. வீதி எப்படி ஓடினாலும் தொழுகைக் கூடம் அந்தத் திசைக்கே திரும்ப வேண்டும். கிழக்கு மேற்காக ஓடும் வீதியில் ஒரு பள்ளி கிப்லாவுக்கு, அதாவது மக்காவின் திசைக்கு, நேராக நின்றால், கட்டடத்துக்கும் மதிலுக்கும் இடையே ஆப்பு வடிவில் ஒரு துண்டு நிலம் மிஞ்சும். வீதிக்கு இசைவாகக் கட்டியிருந்தால், உள்ளே தொழுகை வரிசைகள் தரையில் சாய்வாகக் கிடக்கும். தொழுகைக்கு முன் கை கால் கழுவி உளூச் செய்யும் ஹவுழ் என்னும் நீர்த்தொட்டி, வெயிலையும் வாடைமழையையும் தாங்கும் முன் விறாந்தை, சுவரோடு ஒட்டிய மிம்பர் என்னும் பிரசங்க மேடை: கட்டடம் பலமுறை மாறினாலும் இந்த உறுப்புகளும் இவற்றின் ஒழுங்கும் மாறுவதில்லை.

இவ்வூர்களின் உண்மையான கட்டடக்கலை பள்ளியை விட வீடுகளில்தான் இருக்கிறது என்றே சொல்லலாம். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே வீடு பெண்ணுக்கு உரியது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது பெற்றோரின் கடமை. கலியாணம் முடித்தவர் மனைவி வீட்டுக்குப் போய்க் குடியிருப்பார். ஒரு தாயின் வளவு மகள்மாருக்காகத் துண்டு துண்டாகப் பிரிகிறது. அக்கா தங்கைமாரின் வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. இடையே ஒருவர் பின் ஒருவராக நடக்கும் ஒழுங்கைகள் உருவாகின்றன. நிலம் தீர்ந்தால் மேல்மாடி எழும்புகிறது. மேல்மாடியில் கம்பிகள் துருத்திக்கொண்டு அரைகுறையாக நிற்கும் வீட்டைப் பார்த்துப் பணம் முடிந்துபோயிற்று என்று நினைப்பவர் உண்டு. பல நேரங்களில் அது அடுத்த மகளுக்கான வீடு. இந்த வழக்கம் அரபு நாட்டிலிருந்து வந்ததன்று. அயலில் வாழும் மட்டக்களப்புத் தமிழரிடையேயும் வீடு பெண்வழியே போவதுண்டு.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். புதுப் பள்ளிகளின் பச்சைக் குவிமாடமும் உயர்ந்த மினாராவும் வளைகுடாப் பணத்தின் வேலை, உள்ளூர் மரபை அவை அழித்துவிட்டன என்று சொல்வோர் முஸ்லிம்களிடையிலேயே உண்டு. இதில் ஒரு பகுதியை ஒப்புக்கொள்ள வேண்டும். இறைநேசர்களின் அடக்கத்தலங்களான சியாரங்களில் நடந்த கந்தூரி விருந்தும் புகழ் பாடும் மவ்லிது ஓதலும் பல ஊர்களில் மங்கிவிட்டன. ஆனால் குவிமாடத்தை அந்நியம் என்று தள்ளுவது வேறு விடயம். ஓட்டுக்கூரையும் மரத்தூணும் கொண்ட பழைய பள்ளியும் கேரளக் கரையோடும் தமிழகக் கரையோடும் கொண்ட தொடர்பில் வந்த வடிவந்தான். அதற்குப் பின் பரவிய வளைவுகளில் ஆங்கிலேயர் காலத்துக் கலப்புப் பாணியின் சாயல் உண்டு. கடலோர ஊர் எந்தக் கரையோடு பழகுகிறதோ அந்தக் கரையின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். முன்பு அது நாகூர், காயல். இப்போது ஜித்தா, தோஹா. வெளிநாட்டில் உழைத்த ஆணும் பெண்ணும் அனுப்பிய காசில் எழுந்த கட்டடத்தை இந்த ஊரின் வரலாற்றிலிருந்து கழித்துவிட முடியாது.

வளைகுடாப் பணம் குவிமாடத்தை மட்டும் தரவில்லை. சவூதி நிதியுதவியோடு கட்டிய 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்கு முன் நகரத்துக்குப் போக மிதவைப் பாதையில் ஏறவேண்டியிருந்தது. கரைக்குக் கரை தனித்தனி ஜும்ஆப் பள்ளி தேவைப்பட்டதற்கும், எல்லா ஊருக்கும் பொதுவான ஒரே பெரும்பள்ளி உருவாகாததற்கும் இந்த நீர்ப்பிரிவே முதற்காரணம் என்று கருத இடமுண்டு; மாரியில் வெள்ளம் ஏறினால் தோணி ஏறி வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போவது எளிதன்று. பிரிவு முழுதாகத் தீர்ந்துவிடவும் இல்லை. 2021 நவம்பர் 23இல் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத நிலையில், மாற்று வழியாக ஓடிய மிதவைப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர்.