மூன்று நிமிஷச் சம்பிரதாயம்

புயல் ஓய்ந்து, அணைந்து கிடந்த விளக்குகள் மீண்டும் எரியத் தொடங்கியதும், ஏ.சி.யின் ஸ்விட்சை நோக்கி விரையும் சிறுவனை, "கொஞ்சம் பொறுடா, கரண்ட் நிலைக்கட்டும்" என்று வீட்டுப் பெரியவர் தடுப்பதைச் சென்னையில் பலரும் கண்டிருப்பார்கள். காரணம் கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாமற்போகலாம். ஆயினும் அந்தத் தடைக்குப் பின்னால் ஒரு தொழிலின் சரித்திரமே இருக்கிறது.

புயலால் பழுதாகாத குளிர்ச்சியும் இந்நகரத்துக்கு ஒரு காலத்தில் வாய்த்திருந்தது. அமெரிக்காவின் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலேற்றி விற்ற பிரெடரிக் டியூடரின் வியாபாரத்துக்காக, 1842-இல் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸ் அதற்குச் சாட்சி; 1897-இல் விவேகானந்தர் தங்கியதும், இன்று அவர் பெயரால் விளங்குவதும் அக்கட்டடமே. பனிக்கட்டி உருகுமேயன்றி, மின்சாரம் நின்றதென்று நின்றுபோவதில்லை.

யந்திரத்தின் கதை வேறு. 1902-இல் வில்லிஸ் காரியர் புரூக்ளினிலிருந்த அச்சகம் ஒன்றுக்காக அதை வகுத்தபோது மனித சௌகரியம் அவர் நினைவில் முதலிடம் பெறவில்லை. காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, வர்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் அச்சேறியதே அவர் தீர்க்க முயன்ற சங்கடம். பின்னர் ஆலைகளிலும் சினிமாக் கொட்டகைகளிலும் இடம்பெற்ற பெரிய யந்திரங்களுக்குத் தனி அறையும், அவற்றைப் பராமரிக்கத் தனி ஆளும் இருந்தமையால், நின்ற யந்திரத்தை எப்பொழுது, எந்த வால்வைத் திருகி மறுபடி ஓட்டுவது என்பது அந்த ஆளின் அநுபவத்துக்கு உட்பட்டிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்த யந்திரம் அந்த ஆளை வெளியே நிறுத்திவிட்டது. 1928-இல் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் கண்ட, நெருப்புப் பற்றாத புதிய வாயுவும், மோட்டாரோடு சேர்த்து உருக்கி மூடப்பட்ட கம்ப்ரஸரும், வால்வுக்குப் பதிலாக அமைந்த, மிக நுண்ணிய துளையுள்ள 'கேப்பிலரி' என்னும் செப்புக் குழாயும் யந்திரத்தை ஜன்னலில் அடங்கும் அளவுக்குச் சிறியதாக்கின. ஓடும்போது கம்ப்ரஸரின் ஒரு பக்கம் அதிக அழுத்தமும் மறு பக்கம் குறைந்த அழுத்தமும் இருக்கும். நின்றபின் கேப்பிலரி வழியே வாயு மெல்லக் கசிந்து, இரண்டும் சமமாக ஏறத்தாழ மூன்று நிமிஷம் பிடிக்கும். அதற்குள் மின்சாரம் வந்துவிட்டால், எதிர்நிற்கும் அழுத்தத்தைத் தள்ள மாட்டாத சிறு மோட்டார் சுழலாமலே பன்மடங்கு மின்சாரத்தை இழுத்துச் சூடேற, காப்புக் கருவி 'டக்'கென்று இணைப்பைத் துண்டிக்கும். இப்படிப் பலமுறை நேர்ந்தால் சுருள் எரிந்துபோகும். பெரியவர் சொல்லும் பொறுமை, அந்தப் பழைய ஆளின் வேலையில் மிஞ்சிய பகுதியேயாகும்.

2016 டிசம்பர் 12-இல் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் சென்னையைத் தாக்கிய வர்தா புயல் போன்றதொன்று மரங்களைச் சாய்த்துக் கம்பிகளை அறுத்துப் போனபின், மின்சாரம் திரும்பும் விதமே பெரிய அபாயம். தெருவெல்லாம் ஒரே சமயத்தில் இழுப்பதால் வோல்டேஜ் தாழும். நியூட்ரல் கம்பி அறுந்திருந்தாலோ 230 வோல்ட் வரவேண்டிய வீட்டில் ஏறத்தாழ 400 வரை பாயக்கூடும். ஆகவே தேர்ந்த மெக்கானிக் முதலில் மீட்டரால் வோல்டேஜையும், பிறகு கப்பாஸிட்டரையும், வெளிப் பெட்டியில் இலையும் சேறும் அடைத்திருக்கின்றனவா என்பதையும் பார்ப்பார். விசிறி ஓடியும் குளிர்ச்சி வராவிட்டால், "கேஸ் போயிடுச்சு" என்று எடுத்த எடுப்பில் தீர்ப்புச் சொல்பவரை நான் நம்புவதில்லை. குழாய் உடைந்தாலன்றிப் புயலுக்கும் வாயுவுக்கும் என்ன பகை?

கம்ப்ரஸருக்காகக் காத்திருக்கும் பொறுப்பை முதலில் ஸ்டெபிலைசரின் 'டைம் டிலே' ஏற்றது, இப்போது ஏ.சி.க்குள்ளேயே இருக்கும் எலெக்ட்ரானிக் போர்டு ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் மிகை வோல்டேஜுக்கு முதல் பலி அந்தப் போர்டே. முன்பு பையில் இரண்டு கப்பாஸிட்டரோடு வந்து வேலையை முடித்துப் போன மெக்கானிக், இன்று பெரும்பாலும் போர்டைக் கழற்றிக் கடைக்கு எடுத்துச் செல்கிறார்.