நரை, திரை, ஒரு ட்யூப் களிம்பு

1

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ரேஷன் கார்டைத் தேடி அம்மாவின் பீரோவைக் குடைந்தபோது, சேலை மடிப்புகளுக்கு நடுவே ஒரு களிம்பு ட்யூப் கிடைத்தது. பாதிக்கு மேல் தீர்ந்து, அடியிலிருந்து கவனமாகச் சுருட்டப்பட்டிருந்தது. பொடி எழுத்தில் மூன்று மருந்துகளின் பெயர்கள்: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மோமெட்டாசோன்.

"இது என்னம்மா?"

"ஒன்னுமில்ல தம்பி. மொகமெல்லாம் தோலு சுருங்கி மங்கு விழுந்து கெடக்குல்ல. மெடிக்கல்ல கேட்டேன், குடுத்தாக."

"எம்புட்டு நாளாப் போடுற?"

"ரெண்டு வருசம் இருக்கும்." ட்யூபை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "கெழவி ஸ்னோ போடுறான்னு யார்கிட்டயும் சொல்லித் திரியாத."

அம்மாவுக்கு அறுபத்தொன்று. ஊர் ஆலங்குடிப் பக்கம். அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. நடவு, களையெடுப்பு, கடலை பறிப்பு, பிறகு நூறு நாள் வேலை என்று நாற்பது வருடம் வெயிலில் நின்றவர். அன்று வெளிச்சத்தில் உட்கார வைத்து முகத்தைப் பார்த்தேன். கன்னத்துத் தோல் வெங்காயச் சருகு போல மெலிந்திருந்தது. சிவப்பு நூல்களாக ரத்த நாளங்கள் தெரிந்தன. முகத்துக்குப் போடும் சீரம்களைப் பற்றி அலுவலகத்தில் மணிக்கணக்காகப் பேசுகிறவன் நான். அம்மாவின் முகத்தைக் கடைசியாக எப்போது உற்றுப் பார்த்தேன் என்று நினைவில்லை.

அன்றிரவு இரண்டு கேள்விகள் தூங்கவிடவில்லை. அம்மா அதை ஏன் ஒளித்து வைத்தார்? அந்த மூன்று பெயர்களும் ஒரே ட்யூபுக்குள் சேர்ந்து ஆலங்குடி வரை எப்படி வந்தன?

2

முதல் கேள்விக்குப் பதில் பழையது. தோல் சுருக்கத்துக்குத் தமிழில் தனிச் சொல்லே உண்டு: திரை. கடல் அலைக்கும் அதே சொல்தான். நரை, திரை, மூப்பு, சாக்காடு என்று வரிசைப்படுத்தி, அவற்றைத் தள்ளிப்போடக் கற்பம் என்று ஒரு மருந்துப் பிரிவையே சித்த மருத்துவம் வைத்திருக்கிறது. கடுக்காயும் நெல்லியும் அதில் முக்கியமானவை. அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையும் இந்த ஆசையின் பக்கத்தில்தான் நிற்கிறது.

புறநானூற்றின் 191ஆம் பாடலில் பிசிராந்தையாரிடம், இத்தனை வயதாகியும் ஏன் நரைக்கவில்லை என்று கேட்கிறார்கள். மனைவி, பிள்ளைகள், ஏவலர், அரசன், ஊரில் வாழும் சான்றோர் என்று காரணங்களை அடுக்குகிறார். எதையும் பூசியதாகச் சொல்லவில்லை. கவலையில்லாத வீடும் ஊரும்தான் அவருடைய மருந்து. எனக்குப் பிடித்த பாடல். ஆனால் இந்த முறை வாசித்தபோது ஒன்று உறுத்தியது. அந்தக் கேள்வியை அவர் மனைவியிடம் யாரும் கேட்கவில்லை.

பெண்ணின் முதுமைக்கு நம் இலக்கியத்தில் வேறு வேலை தரப்பட்டிருக்கிறது. மணிமேகலையில், துரத்தி வரும் உதயகுமரனுக்கு ஒரு கிழவியின் நரைத்த கூந்தலையும் தளர்ந்த உடலையும் காட்டி நிலையாமை போதிக்கப்படுகிறது. ஔவையைப் பற்றிய கதையில், கல்யாணத்திலிருந்து தப்பிக்க அவளே பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். ஒன்றில் கிழவி பாடம், மற்றொன்றில் முதுமை கவசம். அறுபது வயதில் கண்ணாடி பார்த்து, கொஞ்சம் நன்றாக இருக்கலாமே என்று நினைக்கும் ஒரு சாதாரணப் பெண்ணுக்கு இந்த இரண்டு கதைகளிலும் இடமில்லை.

வீட்டிலும் இல்லை. எங்கள் பக்கத்தில் தோல் பராமரிப்பு என்றால் மஞ்சள். மஞ்சள் என்றால் சுமங்கலி. அப்பத்தா கடைசி இருபது வருடங்கள் மஞ்சளைக் குழம்பில் மட்டும்தான் தொட்டது. அம்மாவை யாரும் தடுக்கவில்லை. அப்பா இறந்த சில வாரங்களில் குளியலறைச் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்த மஞ்சள் கிழங்கு காணாமல் போயிருந்தது, அவ்வளவுதான். தோலைப் பேணும் உரிமை புருஷனோடு சேர்ந்தே போய்விடும் ஊரில், களிம்பு சேலை மடிப்புக்குள்தான் இருக்கும்.

3

அம்மா சொன்ன "ஸ்னோ" என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1919இல் பம்பாயில் ஈ. எஸ். பட்டன்வாலா என்பவர் ஆஃப்கன் ஸ்னோ என்ற முகக் களிம்பைக் கொண்டுவந்தார். பூசியதும் தோலில் மறைந்துவிடும் வெள்ளைக் களிம்பு. இப்படிப்பட்ட களிம்புகளுக்கெல்லாம் 'ஸ்னோ' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பனிக்கட்டியையே பார்க்காத புதுக்கோட்டையில்கூட முகத்துக்குப் பூசுவதெல்லாம் ஸ்னோ ஆனது.

1975இல் இந்துஸ்தான் லீவர் ஃபேர் அண்ட் லவ்லியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் முக்கியச் சரக்கு நியாசினமைடு, பி3 வைட்டமினின் ஒரு வடிவம். சிவப்பானால் வேலை கிடைக்கும், வரன் கிடைக்கும் என்று விளம்பரங்கள் பல வருடங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. 2020இல் உலகம் முழுக்க நிறவெறிக்கு எதிரான குரல் எழுந்தபோது பெயர் க்ளோ அண்ட் லவ்லி என்று மாறியது. இன்று அதே நியாசினமைடு சொட்டுமருந்து பாட்டிலுக்குள் போய், முதுமை தடுக்கும் சீரம் என்று பெங்களூரில் என் மேசை மீது இருக்கிறது. மூலக்கூறு ஒன்றுதான். விற்கப்படும் பயம்தான் வேறு.

வயதைப் பற்றிய பயத்தை நம் வீட்டு வரவேற்பறைக்குக் கொண்டுவந்தது சந்தூர் சோப்பு விளம்பரம். இளம்பெண் என்று எல்லோரும் நினைக்கும்போது, ஒரு குழந்தை "மம்மி" என்று ஓடிவரும். சந்தனமும் மஞ்சளும் சேர்ந்த அந்தச் சோப்பைத் தயாரிப்பது விப்ரோ. 1945இல் மகாராஷ்டிரத்தின் அமல்நேரில் சமையல் எண்ணெய் வியாபாரமாகத் தொடங்கி, பின்னால் மென்பொருளுக்கு வந்த நிறுவனம். என்னைப் போன்ற ஆயிரக்கணக்கான பொறியாளர்களுக்குச் சோறு போடும் தொழிலும் அம்மாவின் வயதை மறைக்கச் சொன்ன சோப்பும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

அந்த விளம்பரத்தின் தந்திரம் எளிமையானது. தாயாகிவிட்டாய், ஆனால் அது தெரியக் கூடாது. அதிலும் நாற்பதைத் தாண்டிய முகம் எதுவும் வராது.

4

இனி ட்யூபுக்குள் இருந்த மூன்று பெயர்கள்.

இந்தக் கதை அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில், ஹோம்ஸ்பர்க் சிறையில் தொடங்குகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவர் ஆல்பர்ட் க்ளிக்மன் 1951இலிருந்து 1974 வரை அங்கே கைதிகள் மீது சோதனைகள் நடத்தினார். பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பலர் விசாரணைக்காகக் காத்திருந்தவர்கள், தண்டிக்கப்படாதவர்கள். சில டாலர்களுக்கு முதுகையும் கையையும் கொடுத்தார்கள். முதன்முதலாக அந்தச் சிறைக்குள் நுழைந்தபோது கண்ட காட்சியைப் பற்றி க்ளிக்மன் பின்னால் ஒரு பத்திரிகையாளரிடம் பேசினார். அங்கே ஏக்கர் ஏக்கராகத் தோலைப் பார்த்தாராம். விளைநிலத்தை முதல்முறை பார்க்கும் விவசாயியைப் போல இருந்ததாம். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் அந்த உவமை எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அங்கே பரிசோதிக்கப்பட்டவற்றில் ஒன்று ட்ரெட்டினாயின், அதாவது ஏ வைட்டமினிலிருந்து வரும் அமிலம். 1971இல் முகப்பரு மருந்தாக அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது. அதைப் பூசிய நடுத்தர வயதுப் பெண்கள், பரு போனதோடு சுருக்கமும் குறைகிறது என்றார்கள். வெயிலால் மூப்படைந்த தோலில் அதன் விளைவைப் பற்றி க்ளிக்மனும் குழுவினரும் 1986இல் எழுதினார்கள். 1988இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு, மருந்தில்லாத களிம்போடு ஒப்பிட்டு அதை உறுதி செய்தது. 1995இல் மெல்லிய சுருக்கங்களுக்கென்றே அனுமதி கிடைத்தது. முதுமையைத் தடுக்கும் என்று விற்கப்படும் எத்தனையோ பொருட்களில், நீண்டகாலச் சான்று வலுவாக உள்ள மிகச் சிலவற்றில் இது ஒன்று. கடையில் தாராளமாகக் கிடைக்கும் ரெட்டினால் இதன் சாதுவான தங்கை.

பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 2021இலும் ஃபிலடெல்ஃபியா நகரம் 2022இலும் மன்னிப்புக் கேட்டன. க்ளிக்மன் 2010இலேயே இறந்துவிட்டார்.

1975இல் க்ளிக்மன் இன்னொன்றும் செய்தார். மங்குக்கு ஒரு மூன்று மருந்துக் கலவையை வெளியிட்டார். நிறமியைக் குறைக்க ஹைட்ரோகுவினோன், தோல் செல்களை வேகமாகப் புதுப்பிக்க ட்ரெட்டினாயின், அவை இரண்டும் உண்டாக்கும் எரிச்சலை அடக்க ஒரு ஸ்டீராய்டு. மருத்துவர் கண்காணிப்பில் சில வாரங்கள் போட்டு நிறுத்த வேண்டியது. அம்மாவின் பீரோவில் இருந்தது அந்தச் சூத்திரத்தின் பேரன். டெக்ஸாமெத்தாசோன் இருந்த இடத்தில் மோமெட்டாசோன்.

இதில் ஆபத்து என்னவென்றால், ஸ்டீராய்டு முதல் மாதம் அற்புதம் செய்யும். சிவப்பு அடங்கும், நிறம் வெளுக்கும், முகம் பளபளக்கும். தொடர்ந்து போட்டால் தோலின் கொலாஜனைக் கரைத்து மெலிய வைக்கும். நிறுத்தினாலோ முகம் எரிந்து சிவக்கும், திரும்பப் போடத் தோன்றும். இளமைக்காக வாங்கிய களிம்பு தோலைக் கிழடாக்குகிறது. இந்தியத் தோல் மருத்துவர்கள் பல வருடம் போராடிய பிறகு, 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. அம்மா சீட்டு எதுவும் கொண்டுபோகவில்லை. "மங்குக்கு ஏதாச்சும் குடுங்க" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

5

என் மாமா அரசுப் பேருந்து ஓட்டுநர், ஓய்வு பெற்றுவிட்டார். அவர் முகத்தின் வலது பக்கம் இடதைவிடப் பத்து வயது மூத்தது. சின்ன வயதில் அதைப் பார்த்துச் சிரிப்போம். 2012இல் ஒரு பிரபல அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வந்தது. 69 வயது லாரி ஓட்டுநர், 28 வருடம் வண்டி ஓட்டியவர். அவருக்கு இடது பக்கம் முழுக்க ஆழமான மடிப்புகள், வலது பக்கம் பரவாயில்லை. அங்கே ஓட்டுநருக்கு ஜன்னல் இடப்பக்கம், இங்கே வலப்பக்கம். கண்ணாடியைத் தாண்டி வரும் யுவிஏ கதிர் தோலின் உள்ளடுக்கு வரை போய்க் கொலாஜனை உடைக்கிறது. ஒரே ஆள், ஒரே வயது, ஒரே ரத்தம். வித்தியாசம் வெயில் மட்டும்தான்.

ஆஸ்திரேலியாவின் நாம்பர் என்ற ஊரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2013இல் வந்தது. நாலரை வருடம் தினமும் சன்ஸ்கிரீன் போடச் சொல்லப்பட்டவர்களின் தோல் மூப்பு, இஷ்டப்பட்டபோது போட்டவர்களைவிட 24 சதவீதம் குறைவு. அவர்கள் வெள்ளைத் தோல்காரர்கள். நம் மெலனின் ஓரளவு இயற்கைக் குடை, அதனால் சுருக்கம் நமக்குத் தாமதமாகவே வரும். பதிலுக்கு மங்கும் திட்டுகளும் முந்திக்கொண்டு வரும்.

அப்படியானால் திரை என்பது பாதி வயது, பாதி வேலை. கண்மாயையும் மழையையும் நம்பிய மாவட்டத்தில் யார் எவ்வளவு வெயிலில் நின்றார்கள் என்பதன் கணக்கு அது. என் மேலாளருக்கும் அம்மாவுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. இருவரையும் பக்கத்தில் நிறுத்தினால் தாயும் மகளும் என்பார்கள். அந்த இடைவெளியை எந்த சீரமும் உண்டாக்கவில்லை. ஏசி அறை உண்டாக்கியது.

6

அம்மாவைத் தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவர் திட்டவில்லை. "வாரத்துல நாலு பேராச்சும் இப்படி வர்றாங்க" என்றார். சட்டென்று நிறுத்தினால் முகம் கொதிக்கும் என்பதால், ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைக்கும் வழி எழுதிக் கொடுத்தார். நான் பெங்களூரிலிருந்து வாங்கிப்போயிருந்த மூன்று பாட்டில்களைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். சிரித்துக்கொண்டே ஓரமாக வைத்தார்.

கடைசியில் பட்டியல் மிகச் சின்னது. வாசனையில்லாத ஒரு மாய்ஸ்சரைசர். காய்ந்த இடங்களுக்கு வாசலின், 1872இல் காப்புரிமை பெற்ற, இன்னும் யாராலும் வெல்ல முடியாத பொருள். பகலில் சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல். தோல் தேறிய பிறகு, அம்மா விரும்பினால், ரெட்டினால் வாரம் இரண்டு இரவு, பட்டாணி அளவு. நியாசினமைடும் வைட்டமின் சியும் அதற்கெல்லாம் பிறகு யோசிக்க வேண்டியவை.

முதல் சன்ஸ்கிரீனைப் பூசிவிட்டு அம்மா கண்ணாடியைப் பார்த்தார். "என்னய்யா இது, விபூதி பூசுன மாதிரி இருக்கு." அயர்ன் ஆக்சைடு சேர்த்த, நம் நிறத்துக்கு ஒத்த ஒன்றை மாற்றி வாங்கினேன். மங்குக்கு அதுதான் கூடுதலாக உதவும், கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கும்.

திரும்பும் வழியில் சித்தன்னவாசல் போனோம். பள்ளிச் சுற்றுலாவில் நான் பார்த்தது, நாற்பது கிலோமீட்டருக்குள் இருந்தும் அம்மா பார்க்காதது. சமணக் குடைவரையில் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓவியங்கள். ஒரு காலத்தில் நிறைந்திருந்தவற்றில் இன்று மேற்கூரையிலும் தூண்களின் மேற்பகுதியிலும்தான் மிச்சம். தாமரைக்குளம் இன்னும் தெரிகிறது. தூணிலிருக்கும் ஆடல் மங்கையை அம்மா வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"பாவம், இவளுக்கும் மங்கு விழுந்துருச்சு."

குகைக்கு முன்னால் நிற்கும் தூண் மண்டபம் பழையதல்ல என்று சொன்னேன். புதுக்கோட்டை சமஸ்தானத்தில் டாட்டன்ஹாம் நிர்வாகியாக இருந்த காலத்தில், குடுமியான்மலையிலிருந்து தூண்களைக் கொண்டுவந்து கட்டியது. ஆயிரம் வருடத்துக்கு மேலான ஒரு முகத்துக்கு முன்னால் நிழல் வைக்க வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. யாரும் அவளைப் பார்த்து, இந்த வயசுல எதுக்கு என்று கேட்கவில்லை.

வெளியே வந்தபோது மணி பன்னிரண்டு. பாறை கொதித்தது. அம்மா பையிலிருந்து குடையை எடுத்து விரித்தார். பிறகு சின்ன ட்யூபையும் எடுத்து, அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் பார்க்க, இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்தில் பூசிக்கொண்டார்.