பாண்டியர் எழுத்து ஏன் திரும்பவில்லை

மதுரையை ஒட்டிய யானைமலையின் நரசிங்கர் குடைவரையில் கி.பி. 770-இல் வெட்டப்பட்ட கல்வெட்டில் வடமொழி கிரந்தத்திலும், தமிழ் வட்டெழுத்திலும் இருக்கின்றன. அன்று பாண்டிய நாட்டின் எழுத்து வட்டெழுத்துதான். முதலாம் ராஜராஜன் பாண்டிய நாட்டை வென்றபின் அது மெல்ல ஒதுங்கி, இன்றைய தமிழெழுத்தின் மூதாதை அந்த இடத்தைப் பிடித்தது. சோழர் வாளே காரணம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வது வழக்கம். அது பாதி விடைதான். 13-ஆம் நூற்றாண்டில் சடையவர்மன் சுந்தரபாண்டியன் சோழரையே பணியவைத்தான். முடி திரும்பியது, முன்னோர் எழுத்து திரும்பவில்லை. இரு நூறு ஆண்டுகளில் பழக்கம் மாறிவிட்டது என்று வாதிக்கலாம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் சோழர் எழுத்து வேரூன்றாத மலைநாட்டில் (இன்றைய கேரளத்தில்) வட்டெழுத்து நெடுங்காலம் நீடித்ததே, அங்கே அதற்கு என்ன ஆயிற்று? உருண்டு உருண்டு ப, வ போன்ற எழுத்துகள் ஒன்றையொன்று ஒத்துப்போயின. எழுதும் கைக்குச் சுகம், படிக்கும் கண்ணுக்குத் தண்டனை. அரசு கைவிட்ட ஓர் எழுத்தை மீட்க, படிப்பவர் யாரும் வழக்காட வரவில்லை என்றே தோன்றுகிறது.

ஓலைச்சுவடியின் கதையும் இதற்குத் தொலைவில்லை. எழுத்தாணி கீறியது ஓலை நிறத்திலேயே கிடக்கும். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவி, மேலே துடைத்தால்தான் கீறலில் கருமை தங்கும். நிற வேறுபாடு இல்லாமல் எழுத்து இல்லை என்பதைச் சுவடி எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். வடிவ வேறுபாட்டில்தான் அலட்சியம். ஓலை கிழியுமென்றோ என்னவோ, புள்ளி வைக்கவில்லை. குறில் நெடிலும் பிரியவில்லை. ‘கொடி’யும் ‘கோடி’யும் ஒரே உரு. இடம் நோக்கிப் புரிந்துகொள்ளலாமே என்பார்கள் புலவர்கள். அவர்களுக்கு முடியும்; பாட்டையே மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் அல்லவா! கடன் பத்திரத்தில் கொடியும் கோடியும் மயங்கினால் யாப்பிலக்கணம் உதவாது. மதுரை மிஷனைச் சேர்ந்த வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் நெடிலுக்குச் சுழித்த கொம்பைத் தந்ததாகச் சொல்லப்படுகிறது. புதிதாகத் தமிழ் கற்போருக்கு இலக்கணம் எழுதியவர் அவர்; குழப்பம் எங்கே என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

இன்று ஓலையின் இடத்தில் திரை. வழக்கமான அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்று 2008-இல் வெளியான பன்னாட்டு இணைய அணுகல் நெறி சொல்கிறது. வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து நாகரிகமாகத் தெரியலாம். பார்வை மங்கியவருக்கு அது கரி தடவாத ஓலை. ஆனால் விகிதம் தேறிவிட்டால் வேலை முடிந்தது என்பதை ஏற்க முடியவில்லை. அந்தக் கணக்கு நிறங்களின் ஒளி வேறுபாட்டை மட்டுமே அளக்கிறது. மெல்லிய எழுத்துருவில் முதலில் மறைவது புள்ளி. சரி, தடித்த எழுத்தே போடுவோம் என்றால், சிறிய அளவில் கொம்பின் சுழி அடைபட்டு ‘கோடி’ மறுபடியும் ‘கொடி’யாகிறது. ஆகவே தமிழ்த் தளத்துக்கு எழுத்துரு தேர்வோர் க, க், கொ, கோ, ர, கால் (ா) ஆகியவற்றை அருகருகே வைத்து, கைபேசியின் சிறிய அளவில், வெயிலில் படித்துப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.