ஒரே பட்டியல் பிறந்த கதை

2019 மே 22. பஞ்சாபின் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வீழ்த்தி, இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றது சேது எஃப்.சி. மதுரை அணி. காரியாபட்டிப் பக்கம் இருக்கும் சேது தொழில்நுட்பக் கல்லூரியின் பெயரைத் தாங்கி 2016இல் உருவானது. கடலூர் மாவட்டத்து இந்துமதி கதிரேசன், நேபாளத்தின் சபித்ரா பண்டாரி என்று அதன் சட்டையை அணிந்து ஆடியவர்கள் பல மண்ணிலிருந்து வந்தவர்கள். மூன்றே ஆண்டில் நாட்டின் உச்சப் பட்டம். மதுரைக்காரர்கள் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டிய சேதி இது.

மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் கோவை பஸ் ஏறினால் ஐந்தாறு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்த ஊர் நேரு ஸ்டேடியத்தில்தான் அதே ஆண்டு மார்ச் 9 அன்று சென்னை சிட்டி எஃப்.சி., மினர்வா பஞ்சாபை அதே 3-1 கணக்கில் தோற்கடித்து ஆண்கள் ஐ-லீக் பட்டத்தை வாங்கியது. பெயரில் சென்னை இருந்தாலும் அவர்களுக்குச் சொந்த மைதானம் கோவைதான். 20 ஆட்டம், 43 புள்ளி. இரண்டாவது வந்த ஈஸ்ட் பெங்காலுக்கு 42. அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை இழுத்த பருவம், கடைசி நாளில், சொந்த ஜனத்தின் கண்ணெதிரே முடிந்தது. சேதுவின் பட்டமோ மே மாதத்தில், மூன்று வாரத்துக்குள், ஒரே ஊரில் முடிந்துவிட்டது. இறுதிச் சுற்றில் ஓர் ஆட்டம்கூட மதுரையில் இல்லை. லீக் என்ற பெயர் வந்திருந்தது. லீக் இன்னும் பிறக்கவில்லை.

நம் பக்கம் பந்தாட்டப் போட்டி என்றாலே சுழற்கோப்பைதான். கோடை லீவில் சுவரொட்டி ஒட்டுவார்கள். மின்னொளி, நாக் அவுட் முறை, நுழைவுக் கட்டணம், முதல் பரிசு யார் உபயம், இரண்டாம் பரிசு யார் உபயம் என்று எல்லாம் அதில் இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் தொடங்கி, தோற்ற அணிகள் ஒவ்வொன்றாக வேன் ஏற, திங்கள் விடிவதற்குள் கோப்பையைக் கொடுத்துவிடுவார்கள். லீக் அப்படி இல்லை. எல்லா அணியும் எல்லா அணியோடும் ஆட வேண்டும். தன் ஊரில் ஒரு தடவை, அவர்கள் ஊரில் ஒரு தடவை. ஒரு நாள் சறுக்கினாலும் அடுத்த வாரம் உண்டு. சித்திரைத் திருவிழாவுக்கும் கோயிலில் அன்றாடம் நடக்கும் ஆறு கால பூஜைக்கும் உள்ள வித்தியாசம் என்று சொல்லலாம். அன்றாடத்தைக் கட்டி எழுப்புவதுதான் கஷ்டம். அதற்கு ரயில் வேண்டும், பணம் வேண்டும், யாரைச் சேர்ப்பது யாரை விடுவது என்ற சண்டையைத் தாங்கும் அமைப்பு வேண்டும்.

இத்தாலிக்கே அதற்கு 31 வருடம் பிடித்தது. அங்கே முதல் தேசியப் பட்டம் 1898 மே 8 அன்று, டூரின் நகரில், ஒரே நாளில் முடிந்த போட்டி. நான்கு அணி, மூன்று ஆட்டம், ஜெனோவா சாம்பியன். நம்மூர் சுழற்கோப்பையைவிடச் சின்னது. அதே 1898இல் இங்கே கல்கத்தா லீக் தொடங்கிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் அது ஒரு நகரத்துக்குள் நடந்த லீக். டிராம் ஏறினால் மைதானம். நாடு முழுவதையும் ஒரே புள்ளிப் பட்டியலில் அடக்குவது வேறு காரியம். இத்தாலியில் வெகுகாலம் வடக்குக்கு ஒரு போட்டி, தெற்குக்கு ஒரு போட்டி, கடைசியில் இரண்டு பக்கத்து வெற்றியாளர்களும் மோதுவார்கள். 1913இல் அப்படி நடந்த இறுதி ஆட்டத்தில் புரோ வெர்செல்லி, லாசியோவை 6-0 என்று நசுக்கியது. வருடம் முழுக்க வலுவான அணிகளோடு ஆடிப் பழகாதவர்கள், ஒரே ஒரு நாள் அவர்கள் முன்னால் போய் நின்றால் வேறென்ன நடக்கும்?

1926இல் வியாரெஜ்ஜோ என்ற கடற்கரை ஊரில் ஒரு புதிய சாசனம் எழுதினார்கள். ஆட்டக்காரர்கள் காசு வாங்கி ஆடுவதற்கு அதில் வழி பிறந்தது. வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. முசோலினியின் ஆட்சிக் காலம் அது. கால்பந்தும் அந்தக் கைக்குள்தான் இருந்தது. இன்டர்நேஷனாலே என்ற பெயரே ஆட்சிக்கு ஆகாமல், அந்த மிலான் அணியை 1928இல் இன்னொரு அணியோடு சேர்த்து அம்ப்ரோசியானா ஆக்கினார்கள். இத்தாலியின் லீக் நல்ல கைகளில் பிறந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

1928-29இல் 32 அணிகள், 16 வீதம் இரண்டு பிரிவாக ஆடின. ஒவ்வொன்றிலும் முதல் எட்டு இடம் பிடித்தவர்கள் புதிய ஒரே பட்டியலுக்கு என்று ஏற்பாடு. ஒரு பிரிவில் எட்டாம் இடத்துக்கு லாசியோவும் நாப்போலியும் சமமாக வந்து நின்றன. முடிவு கட்ட வைத்த ஆட்டமும் 2-2 என்று சமன். இரண்டையும் சேர்த்துக்கொண்டார்கள். அப்புறம் இன்னொரு பிரிவுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அந்தப் பக்கம் ஒன்பதாவது வந்த திரியஸ்தினாவுக்கும் இடம் கொடுத்தார்கள். இப்படித்தான் 16 என்று போட்ட கணக்கு 18 ஆனது. உலகம் பார்த்து ரசிக்கும் சீரி ஆ, இப்படி ஒரு பஞ்சாயத்தில் உருவான எண்ணிக்கையோடு 1929 அக்டோபர் 6 அன்று தொடங்கியது. 18 அணிகளில் ரோமும் அதற்குத் தெற்கும் என்று பார்த்தால் ரோமா, லாசியோ, நாப்போலி மட்டும்தான். ஆனாலும் அந்த மூன்று அணிகளின் ஜனமும் வடக்கின் பெரிய அணிகளைத் தங்கள் மைதானத்திலேயே பார்த்தார்கள்.

அந்த முதல் பருவத்தை அம்ப்ரோசியானா 50 புள்ளியோடு வென்றது. வெற்றிக்கு இரண்டே புள்ளி கிடைத்த காலம். ஜெனோவாவுக்கு 48. இவ்விரண்டும் 1930 ஜூன் 15 அன்று மிலானில் மோதியபோது பார்வையாளர் மேடை ஒன்று சரிந்து விழுந்தது. ஆட்டம் 3-3. அம்ப்ரோசியானாவின் மூன்றையும் அடித்தவர் ஜியுசெப்பே மெயாட்சா, வயது 19. பருவம் முழுக்க 31 கோல். அந்தப் பையனை 17 வயதில் பெரிய அணியில் இறக்கியவர் அர்பாத் வெய்ஸ் என்ற ஹங்கேரியப் பயிற்சியாளர். பட்டம் வென்றபோது அவருக்கு 34 வயது. பின்னால் பொலோனா அணிக்கும் இரண்டு பட்டம் வாங்கிக் கொடுத்தார். யூதர் என்பதால் 1938ஆம் ஆண்டு இனச் சட்டங்கள் அவரை இத்தாலியிலிருந்து துரத்தின. மனைவி, மகன், மகள் மூவரும் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார்கள். 1944 ஜனவரியில் அவரும் அங்கேயே மாண்டார். முதல் பட்டியலின் தலைமேல் இருக்கும் பெயரைச் சொல்லும்போது இவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் முறை.

நம் பெண்களின் கதைக்கு வருவோம். மாநிலங்களுக்கு இடையிலான தேசிய மகளிர் போட்டி 1991-92 முதல் நடக்கிறது. அதில் மணிப்பூரின் ராஜ்ஜியம். 2018 பிப்ரவரியில் தமிழ்நாடு அதே மணிப்பூரை 2-1 என்று வென்று முதன்முறை கோப்பையைத் தூக்கியது. ஆனால் அது மாநில அணி. வருடத்தில் சில நாள் கூடிக் கலையும். கிளப்புகளுக்கான இந்திய மகளிர் லீக் 2016-17இல்தான் வந்தது. டெல்லியில் நடந்த அந்த முதல் இறுதிச் சுற்றில் ஆறே அணி. தமிழ்நாட்டுக்கு ஜேப்பியார் கல்லூரி அணி நின்றது. பட்டம் மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியனுக்கு. அடுத்த வருடம் ஷில்லாங். அதற்கு அடுத்தது லூதியானா, சேதுவின் பட்டம். ஒவ்வொரு தடவையும் எல்லோரும் ஒரு ஊருக்குப் போய்த் தங்கி, ஆடி, திரும்பினார்கள். மூன்று வாரப் போட்டிக்கு எந்தக் கிளப் எத்தனை மாதச் சம்பளம் கொடுக்கும்? மீதி நாளெல்லாம் அந்தப் பெண்கள் யாரோடு ஆடுவார்கள்? திறமை இல்லாமல் போனவர்களைவிட, ஆட ஆட்டமே இல்லாமல் கைவிட்டவர்கள்தான் அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

கொரோனாவில் ஒரு பருவம் அப்படியே போனது. 2022 ஏப்ரலில் புவனேஸ்வரில் 12 அணி கூடியபோது குழுக்கள் இல்லை, அரையிறுதி இல்லை. ஒரே பட்டியல்; ஒவ்வொரு அணிக்கும் 11 ஆட்டம், மொத்தம் 66. ஊர் இன்னும் ஒன்றுதான், ஆனால் வடிவம் வந்துவிட்டது. அதன் கடைசி நாளைப் போல ஒரு நாளை நாக் அவுட் கொடுக்கவே முடியாது. மே 26, கலிங்கா ஸ்டேடியம். சேது 10 ஆட்டத்தில் 10 வெற்றி, 30 புள்ளி. எதிரே கோகுலம் கேரளா, அவர்களும் 10க்கு 10, 30 புள்ளி. கோல் வித்தியாசத்தில் கோகுலம் முன்னால் இருந்ததால் அவர்களுக்கு டிரா போதும். சேது ஜெயித்தே ஆக வேண்டும். மூன்றாவது நிமிடமே ரேணு கோல் அடித்தார். அந்தக் கணத்தில் பட்டம் மதுரையிடம் இருந்தது. பெனால்டியில் ஆஷாலதா தேவி சமன் செய்தார். பிறகு கானாவின் எல்ஷடாய் அச்சம்பாங் ஒன்று, மனீஷா கல்யாண் ஒன்று. மூன்றும் இடைவேளைக்குள். 3-1 என்றே முடிந்தது. இந்த முறை எதிர்ப்பக்கம். 11இல் 10 வெற்றி பெற்றும் இரண்டாம் இடம். கசப்புதான். ஆனால் அந்த அணியின் பலத்தை உலகுக்குக் காட்டியதும் அந்தப் பட்டியல்தான். அன்று சேதுவின் பயிற்சியாளராக இருந்த கிரிஸ்பின் செத்ரி பின்னால் ஒடிசாவைச் சாம்பியன் ஆக்கினார். 2025இல் இந்தியப் பெண்கள் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றபோது அணியின் பயிற்சியாளரும் அவரே.

2023 டிசம்பரில்தான் லீக் முழுசாகப் பிறந்தது. ஏழு அணி, சொந்த ஊர், எதிரி ஊர் என்று மாறி மாறி 42 ஆட்டம், மார்ச் வரை. அந்த ஏழில் சேதுவும் ஒன்று. டெல்லியின் முதல் போட்டியிலிருந்து கணக்கிட்டால் ஏழு வருடம். இத்தாலி ஆண்களுக்கு ஆன காலத்தில் கால்வாசிகூட இல்லை.

ஆரப்பாளையத்துக்குப் பக்கத்தில், அரசரடி ரயில்வே மைதானத்தில் சாயங்காலம் பந்து விரட்டும் பிள்ளைகளைப் பாருங்கள். காய்ந்த மண்ணில் பந்து எகிறிக் குதிப்பதால் தரையோடு பாஸ் போட முடியாது. நெஞ்சில் வாங்கி, முழங்காலில் தட்டி இறக்கப் பழகியிருப்பார்கள். இந்த வயதில் அவர்களுக்குத் தேவை, தங்களைவிட நன்றாக ஆடுகிறவர்களை நேரில், அடுத்தடுத்த வாரங்களில் பார்ப்பது. ஏழெட்டு அணி ஆடும் லீக்கில் ஓர் அணிக்குச் சொந்த ஊரில் ஆறேழு ஆட்டம் வரும். சேதுவின் அந்த ஆறேழும் நிலையாக மதுரை ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்தில் நடக்கும்படி மைதானத்தின் புல்லையும் விளக்கையும் சரிசெய்து கொடுக்க வேண்டியது அரசும் மாநகரமும்தான். வைகைப் பாலத்தைத் தாண்டினால் மைதானம். பள்ளிக்கூடம் விட்டதும் டவுன் பஸ் ஏறினால் ஆட்டம் தொடங்குவதற்குள் போய் உட்கார்ந்துவிடலாம்.