இருளூட்டப்பட்ட முகங்கள்

அண்மையில் என் மருமகன் தன் நண்பர்களின் குறும்படமொன்றுக்குக் கணினியில் சுவரொட்டி தயாரித்துக்கொண்டிருந்தான். பேய்ப்படம். நடித்த பெண்ணின் புகைப்படமோ கல்யாண வீட்டில் எடுத்ததுபோல் பளிச்சென்றிருந்தது. அவன் முதலில் நிறத்தை வடித்து நீலச்சாயல் ஏற்றினான். கண்குழிகளைக் கறுப்பாக்கினான். வெடித்த சுவரொன்றின் படத்தை இன்னோர் அடுக்காக முகத்தின்மீது வைத்துக் கலந்தான். நான்கு ஓரங்களையும் இருளில் அமிழ்த்தினான். அரைமணி நேரத்தில் அப்பெண் பேயாகிவிட்டாள். கத்தரிக்கோலும் பசையுமாகப் பத்திரிகைப் பக்கம் ஒட்டிய காலத்தவனான எனக்கு வியப்பாகவே இருந்தது.

இந்த வித்தைக்கு உதவும் போட்டோஷொப் மென்பொருளை 1987இல் எழுதத் தொடங்கியவர் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் தோமஸ் நோல். அவருடைய சகோதரர் ஜோன் நோல், 'ஸ்டார் வோர்ஸ்' படங்களுக்குக் காட்சித் தந்திரங்கள் செய்த நிறுவனத்தில் பணியாற்றியவர். ஆக, பிறக்கும்போதே அதற்குச் சினிமாவோடு உறவிருந்தது. அடோபி நிறுவனம் 1990 பெப்ரவரியில் அதனை வெளியிட்டது. அடுக்கு வசதி 1994இன் பிற்பகுதியில்தான் வந்தது.

அச்சமூட்டுவதற்கு இரத்தம் வேண்டியதில்லை. 'த சைலன்ஸ் ஒஃப் த லாம்ப்ஸ்' (1991) சுவரொட்டியில், பெண்ணின் வாயை மூடியிருக்கும் அந்துப்பூச்சியின் முதுகில் மண்டையோடு தெரியும். உற்றுப்பார்த்தால் அது ஏழு பெண்களின் உடல்கள்! ஓவியர் டாலியும் புகைப்படக் கலைஞர் ஹால்ஸ்மனும் 1951இல் உருவாக்கிய படம் அது.

ஆனால் மருமகனின் திரையைப் பார்த்தபோது என் நினைவுக்கு வந்தது, 1994 ஜூன் 27ஆம் திகதியிட்ட 'டைம்' சஞ்சிகையின் அட்டை. முன்னாள் மனைவியையும் இன்னொருவரையும் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஓ. ஜே. சிம்சனின் பொலிஸ் புகைப்படத்தை அது இருளூட்டி, ஓரங்களைக் கறுப்பாக்கி வெளியிட்டது. அப்போது வழக்கு விசாரணை தொடங்கியிருக்கவில்லை. கறுப்பினத்தவர் ஒருவரைத் தீர்ப்புக்கு முன்பே அரக்கனாக்கியதாகக் கண்டனம் எழுந்தது. ஆசிரியர் வாசகர்களுக்கு விளக்கமளிக்க நேர்ந்தது. (1995இல் குற்றவியல் வழக்கில் சிம்சன் விடுதலையானதும், 1997இல் சிவில் வழக்கில் பொறுப்பாளியாகக் காணப்பட்டதும் வேறு கதை.) எங்கள் பழைய அச்சியந்திரத்திலும் மை கூடிப் பல முகங்கள் கறுத்ததுண்டு. அது எவரும் திட்டமிட்டுச் செய்ததல்ல.

'டைம்' அகப்பட்டது எப்படி? அதே வாரம் 'நியூஸ்வீக்' அதே படத்தை மாற்றமின்றி அட்டையில் போட்டிருந்தது. இரண்டையும் அருகருகே வைத்து எவரும் ஒப்பிட முடிந்தது.

அசல் படத்தை அழித்துவிடாதே என்று மருமகனிடம் சொன்னேன்.

"அது அடியில அப்படியே இருக்கு மாமா" என்றவன், மேலடுக்குகளை ஒவ்வொன்றாக மறைத்துக் காட்டினான். அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.