வேர்ச்சான்றிதழ் காலாவதியான நாள்

இணையத்தளம் தன்னை மெய்ப்பிக்க உலாவியிடம் காட்டும் பத்திரமே பாதுகாப்புச் சான்றிதழ். மானிப்பாய் அமெரிக்க மிஷன் அச்சகத்தில் 1842இல் அச்சான யாழ்ப்பாண அகராதியை இன்று இணையத்தில் புரட்டுபவருக்கும், வங்கிக் கணக்கைத் திறப்பவருக்கும் அதுவே காவல்.

1995இல் நெட்ஸ்கேப் உலாவியோடு பரவிய இம்முறை நெடுங்காலம் காசுள்ள தளங்களுக்கே கைகூடியது. 2015 டிசம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் நிறுவனம் எல்லோருக்கும் இலவசமாக வழங்கத் தொடங்கியது. சிறிய தமிழ்த் தளங்களுக்கு இதைவிடப் பெரிய உதவி வாய்க்கவில்லை எனலாம்.

சான்றிதழைப் புதுப்பிப்பது தளத்தாரின் வேலை. அதற்கு ஒப்பமிட்டவரை நம்பலாமா என்று சொல்லும் வேர்ச்சான்றிதழ்ப் பட்டியலோ வாசகரின் கருவியில் இருக்கிறது. அது பழசானால் என்ன நேரும் என்பதை 2021 செப்டம்பர் 30 காட்டியது. லெட்ஸ் என்கிரிப்ட் சார்ந்திருந்த பழைய வேர்ச்சான்றிதழ் அன்று காலாவதியானது. தளங்களில் குறையேதும் இல்லை. ஆனாலும் பழைய மேக் கணினிகளிலும் ஐபோன்களிலும் எச்சரிக்கை எழுந்தது. அதே மேக் கணினியில் ஃபயர்பாக்ஸ் உலாவி தளத்தைத் திறந்தது. சபாரி உலாவி இயங்குதளத்தின் பட்டியலை நம்ப, ஃபயர்பாக்ஸ் தன் பட்டியலைத் தானே சுமந்து வந்ததே காரணம். குரோமும் 2022 முதல் விண்டோஸ், மேக் கணினிகளில் அவ்வழிக்கு மாறியது.

சான்றிதழின் உச்ச ஆயுளும் குறுகிவருகிறது: 2020 செப்டம்பரில் 398 நாளானது, 2029 மார்ச் 15 முதல் 47 நாள் மட்டுமே.